செபம் வராத காலத்தில் நான் அறிந்துகொண்டவை

செபிக்க முடியாமல் போவது சில வேளைகளில் ஒரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை எனக்கு முன்கூட்டியே ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதைப் பாவத்துக்கு வந்த தண்டனை என்றும், விசுவாசக் குறைவு என்றும் எண்ணி உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தேன். நான் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஒரு குடியேற்றக் கிராமத்தில் நெல் விதைத்து வாழ்பவன். பங்கில் மறைக்கல்வி கற்பித்தும், ஒக்டோபர் மாதச் செபமாலையை முன்னின்று நடத்தியும் வந்தவன். இன்று இதே நிலையில் இருக்கும் ஒருவர் இதை வாசிக்கக்கூடும். அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் ஒருவரும் வாசிக்கக்கூடும். அவர்களுக்காகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன்.

2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளையின் இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, எங்கள் பகுதி விவசாயிகள் எல்லோரையும் போல நானும் காலபோகத்தை, அதாவது மாரிக்கால நெற்செய்கையை, அரை மனத்துடன்தான் விதைத்தேன். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் எங்கள் கைக்கு எட்டும் விலையில் பசளை வரவில்லை. 2022 மாசி, பங்குனியில் அறுவடை செய்தபோது வழமையான விளைச்சலில் அரைவாசிகூடத் தேறவில்லை. உழவுக்கும் வெட்டுக்கும் பட்ட கடன் அப்படியே நின்றது. டீசல் வரிசையும் விலையேற்றமும் அதே மாதங்களில் வந்து சேர்ந்தன. கடன் ஊரில் எல்லோருக்கும்தான் இருந்தது. எனக்கோ அதனுடன் வேறொன்றும் தொடங்கியிருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு நித்திரை கிடையாது. பசி இல்லை. வயலுக்குப் போகப் புறப்பட்டு, மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி முற்றத்திலேயே நெடுநேரம் நின்றுவிடுவேன். மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தாள் என்ற செய்தி வந்தபோது வீடே மகிழ்ந்தது; எனக்கு எதுவும் தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லையே என்ற பயம் மட்டும் தோன்றியது.

2022 ஒக்டோபரில் ஒரு மாலை, மாதா சுரூபம் வைத்த கெபியின் முன்னால் வழக்கம் போலச் செபமாலை தொடங்கினோம். துக்க தேவ இரகசியங்களில் மூன்றாவதை அறிவித்துவிட்டு, "அருள் நிறைந்த மரியே" என்று வாயெடுத்தேன். அடுத்த சொல் வரவில்லை. சிறு வயது முதல் எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன மந்திரம் அது. மறந்துபோகவும் இல்லை, சொல்லுவதற்கு உள்ளே ஆள் இல்லை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமெந்துப் படியில் நட்டிருந்த மெழுகுதிரி சரிந்து, மெழுகு என் செருப்பு வரை வழிந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்த ஒரு முதிய அம்மா, ஏன் என்று கேளாமல், விட்ட இடத்திலிருந்து தானே எடுத்துச் சொல்லத் தொடங்கினார். செபமாலை முடியும் வரை அவர்தான் நடத்தினார். அன்று எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்த கேள்வி ஒன்று உண்டு. 2008 இன் பிற்பகுதியில் இறுதிப் போரின்போது வீட்டை விட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் இடமாக நகர்ந்தபோது, பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு செபமாலை சொன்னவர்கள் நாங்கள். அந்த ஆண்டு சித்திரையில் மன்னார் மாவட்டத்து மடுத் திருத்தலத்தின் மாதா திருச்சுரூபமே மடுவை விட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகஸ்டில்தான் திரும்பியது. தாயும் எங்களைப் போல இடம்பெயர்ந்தாள் என்று பெரியவர்கள் சொல்லி ஆறுதலடைந்தார்கள். செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள்ளும் செபம் நிற்கவில்லை. அப்போதெல்லாம் நிற்காத செபம், வீடும் கிணறும் மின்சாரமும் உள்ள காலத்தில் ஏன் நின்றது? உறவினர் சிலரும் இதையே கேட்டார்கள்: "செல்லடிக்குள்ளை தளராத ஆள், இப்ப என்ன குறை எண்டு இப்பிடி இருக்கிறியள்?" நல்ல எண்ணத்துடன் கேட்ட கேள்விதான். ஆனால் நோயாளியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஆபத்தின் நடுவே மனம் எப்படியோ தாங்கிக்கொண்டுவிடும் என்றும், பல ஆண்டுகள் கழித்து இன்னோர் இழப்பு வரும்போது பழையதும் சேர்ந்து எழுவது உண்டு என்றும் பின்னர் உளநல மருத்துவர் விளக்கினார். அவர் சொல்லும்வரை, அன்று விசுவாசியாக இருந்தவன் இன்று அவிசுவாசியாகிவிட்டான் என்றே நான் தீர்மானித்திருந்தேன்.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மருத்துவரிடம் காட்டி மாத்திரை தரப்பட்டது. சில நாள் எடுத்தும் மாற்றம் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் என்மீது அன்பு கொண்ட உறவினர்கள், வேறொரு மாவட்டத்தில் நடந்துவந்த ஒரு செபக்கூடத்துக்கு வான் பிடித்து என்னைக் கொண்டுசென்றார்கள். முதல் நாள் ஒரு சதமும் கேட்கவில்லை. அடுத்த முறை காணிக்கை உறை வந்தது. பிறகு எண்ணெய்ப் போத்தல், பிறகு எனக்கென்று தனியாக நடத்தும் உபவாச செபம் என்று தொகை ஏறிக்கொண்டே போனது. குணம் தெரியாதபோது, எனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லப்பட்டது. மாத்திரையை நம்புகிறவன் ஆண்டவரை நம்பவில்லை என்றும் சொல்லப்பட்டது, மாத்திரை நிறுத்தப்பட்டது. வான் கூலி, காணிக்கை, வேலைக்குப் போகாத நாள்களின் இழப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டின. மனைவியின் ஒரு சோடிக் காப்பை அடைவு வைத்திருந்தோம். மீட்க முடியாமல் அது ஏலத்தில் போயிற்று. பணத்தைக்கூட மறந்துவிடலாம். ஆனால் "உனக்கு விசுவாசம் போதாது" என்ற அந்தச் சொல், ஏற்கெனவே தன்னை வெறுத்துக்கொண்டிருக்கும் ஒருவனின் உள்ளே என்ன செய்யும் என்பதை நான் அறிவேன்.

ஆகவே இந்த இடத்தில் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டும். நோயாளிக்காகச் செபிப்பது நல்லது. திருச்சபையும் அதைச் செய்கிறது. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்தும், குணத்துக்கு விலை வைப்பவரிடமிருந்தும் அந்தக் கணமே எழுந்து வந்துவிடுங்கள். "கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே வழங்குங்கள்" என்று ஆண்டவர் சீடர்களை அனுப்பினார். கடவுளின் கொடையைப் பணத்துக்கு வாங்க நினைத்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதைத் திருத்தூதர் பணிகள் 8 ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் ஆண்டவரே படைத்தார், மருந்துகளையும் அவரே நிலத்திலிருந்து உண்டாக்கினார் என்று சீராக்கின் ஞானம் 38 ஆம் அதிகாரம் சொல்லுகிறது. மிக உருக்கமான செபம்கூட எல்லா நோயையும் எப்போதும் குணமாக்குவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்ற நூல் 1508 ஆம் எண்ணில் வெளிப்படையாகவே கூறி, அதற்குச் சான்றாகப் புனித பவுலைக் காட்டுகிறது. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை கேட்டார். முள் நீங்கவில்லை. "என் அருள் உனக்குப் போதும், வலுவின்மையில்தான் வல்லமை நிறைவாய் வெளிப்படும்" என்ற பதிலே கிடைத்தது. பவுலிடம் போய், உமக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

மாத்திரை நின்று சில மாதங்களில் நிலைமை மிக மோசமாயிற்று. 2023 இல் ஓர் இரவு, இனி இருந்து பயனில்லை என்ற எண்ணம் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. மனைவி விழித்திருந்தாள். "இஞ்சேருங்கோ, என்ன யோசிக்கிறியள்? மறைக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தன் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் அந்த நேரத்திலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, வயலுக்கென்று கொட்டிலில் வைத்திருந்த கிருமிநாசினிப் போத்தல்கள் அத்தனையையும் ஒரு சாக்கில் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து, விடியும்வரை என் கட்டிலருகில் இருந்தான். விவசாயக் குடும்பங்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: இப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் நாசினிகள் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. அந்த எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் அதிகரிக்காது. கேட்கப்பட்டபோது எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை நாளின் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அடுத்த நாள் காலை அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றோம். சில நாள் விடுதியில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு கிளினிக். பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. செபக்கூடத்துக்குக் கொடுத்த காசை நினைத்து மனைவி அன்றுதான் அழுதாள். நான் முதலில் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றை மருத்துவர் அங்கே சொன்னார். இந்த வகை மாத்திரைகள் தலையிடிக்குப் போடும் மாத்திரை போல அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். வாய் உலர்வதும் தூக்கக் கலக்கமும் பலனுக்கு முன்பே வந்துவிடும். அதனால்தான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். சுகமாக உணர்ந்தாலும் நாமாக நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கிளினிக்குக்குத் தனியாகப் போகாதீர்கள். நோயாளி "பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்; எத்தனை மணிக்கு எழும்புகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதைக் கூடப் போகிறவர்தான் சொல்ல வேண்டும். முன்பு எடுத்த மருந்துகளின் சீட்டுகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வைத்திருங்கள். மருந்துத் தட்டுப்பாடு இருந்த காலம் ஆகையால், கையிருப்பு முடியும் நாள்வரை காத்திராமல் ஒரு கிழமை முன்னதாகவே போய் விசாரிக்கப் பழகினோம்.

வீடு திரும்பியபின் எங்கள் பங்குத்தந்தை வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். "சுவாமி, எனக்குச் செபம் வருகுதில்லை. விசுவாசமும் இல்லை எண்டுதான் நினைக்கிறன்" என்றேன். அவர் சற்று நேரம் இருந்துவிட்டு, "தம்பி, நீர் இப்ப செபிக்க வேண்டாம். உமக்காக நாங்கள் செபிக்கிறம். நீர் சாப்பிடும், மருந்தைப் போடும், நித்திரை கொள்ளும்" என்றார். பிறகு 1 அரசர் 19 ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடிவிட்டு உறங்கிப்போகிறார். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டு மறுபடியும் உறங்குகிறார். மறுபடியும் எழுப்பி, சாப்பிடு என்கிறார். ஓரேபு மலையில் ஆண்டவர் மெல்லிய காற்றின் ஒலியில் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். இந்தப் பகுதியை நானே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன், மெல்லிய காற்றைப் பற்றி விளக்கியிருக்கிறேன், அப்பத்தைக் கவனித்ததில்லை. அன்று மாமி கொண்டுவந்து வைத்திருந்த கஞ்சி ஆறிப்போய் இருந்தது. சுவாமி அதைக் கையில் எடுத்துத் தந்தார். குடித்தேன்.

சுவாமி இன்னொரு நாள் வந்தபோது, நான் அருள்நிலையில், அதாவது கடவுளின் அருளுக்குள், இருக்கிறேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு அவர் 1431 இல் புனித ஜோன் ஒஃப் ஆர்க்கிடம் விசாரணையில் கேட்கப்பட்ட கேள்வியைச் சொன்னார். நீ கடவுளின் அருளில் இருப்பதாக அறிவாயா என்று கேட்டார்கள். ஆம் என்றாலும் பிடிப்பார்கள், இல்லை என்றாலும் பிடிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், நான் அருளில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக; இருக்கிறேனென்றால் அதில் காப்பாராக என்றாள். மறைக்கல்வி நூலின் 2005 ஆம் எண் இதை எடுத்துக் காட்டி, அருள் நம் உணர்வுக்கு எட்டாதது என்றும், நம் உணர்ச்சிகளைக் கொண்டு அது இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்றும் கூறுகிறது. எனக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதைச் சொல்லில் அடக்க முடியாது. உள்ளே ஒன்றுமே உணரவில்லை என்பதால் ஆண்டவர் போய்விட்டார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கைப் போட வேண்டிய வேலையே என்னுடையதல்ல என்று ஆயிற்று. அன்றிலிருந்து நீண்ட காலம் என் முழுச் செபமும் ஜோனின் அந்த ஒரு வரிதான். அதுவும் வராத நாள்களில் செபமாலையைக் கையில் வெறுமனே பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மாத்திரையின் மயக்கத்தால் செபத்தின் நடுவே உறங்கிப்போவது எனக்குக் குற்றவுணர்வைத் தந்தது. கிளிநொச்சி நகரிலுள்ள ஆலயம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தக் குழந்தை இயேசுவின் புனித திரேசாளும் செபவேளையில் உறங்கியவர்தான். உறங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிக்கிறார்கள் என்று சொல்லி அதைப் பற்றி அவர் வருந்தவில்லை. அவரே 1896 பாஸ்காக் காலம் (உயிர்ப்புப் பெருவிழாக் காலம்) தொடங்கி 1897 செப்டெம்பரில் இறக்கும்வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, விண்ணகம் உண்டா என்ற இருளுக்குள் இருந்தார். அவரைத்தான் 1997 இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரும் ஆசிரியராக, அறிவித்தது. எத்தனையோ திருநாளுக்கு அந்த ஆலயத்துக்குப் போயிருக்கிறேன்; சுரூபத்தின் கையிலிருக்கும் ரோசாப் பூக்களைத் தவிர அவருடைய அந்த இருண்ட மாதங்களைப் பற்றி யாரும் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டதில்லை. சொல்ல வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ஞாயிறு திருப்பலியில் அமர்ந்திருப்பவர்களில் சிலருக்கு ரோசாப் பூவைவிட அதுதான் தேவை.

மாற்கு 2 ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவர் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. என்னைத் தூக்கியவர்களை நான் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும்: கெபியின் முன்னால் செபமாலையை எடுத்துச் சொன்ன அந்த அம்மா, நள்ளிரவில் வந்த மச்சான், மாலைதோறும் என் அறை வாசலில் பாயைப் போட்டு எனக்காகத் தன் பாட்டில் செபம் சொன்ன மாமி, சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) என் வயலையும் சேர்த்து உழுத அயலவர். சுவாமி நோயாளருக்கான அருட்சாதனமாகிய நோயில் பூசுதல் தந்த அன்று, எண்ணெய் நெற்றியில் பட்டபோதும் எனக்கு ஒன்றும் உணரவில்லை. உணரவில்லை என்று அவரிடமே சொன்னேன். "அது பரவாயில்லை" என்றார்.

நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். செபிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் கேட்கும் தூரத்தில் நீங்கள் செபியுங்கள். அவருடைய பொறுப்புகளை வெளிப்படையாக ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மறைக்கல்வி வகுப்பை ஒரு இளம் ஆசிரியை எடுத்துக்கொண்டபோது எனக்கு வெட்கத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் இருந்தால், செபம் வருகிறதா இல்லையா என்று ஆராயாமல் முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பணம் கேட்கும் இடம் எதுவாயினும், கொடுக்குமுன் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம், முடிந்தால் பங்குத்தந்தையிடம், ஒரு சொல் கேளுங்கள். நோய் உள்ள வீட்டில் "வேண்டாம்" என்று சொல்லும் வலு எவருக்கும் இருப்பதில்லை. அதை வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து தொடங்கி ஒரு மாதம் கடந்தபின் ஒரு நாள் ஐந்து மணிவரை உறங்கினேன். பிறகு பசி வந்தது. செபம் கடைசியாகத்தான் வந்தது. இன்றும் முன்புபோல நீண்டதாக இல்லை. மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள், இன்னும் நிறுத்தவில்லை. செபமாலையை இப்போது நான் தனியாக நடத்துவதில்லை. ஒவ்வொரு தேவ இரகசியத்தையும் ஒவ்வொருவர் எடுக்கிறோம், சொல் தடைப்பட்டால் அடுத்தவர் தொடருவார். பங்கில் அயல் வீடுகள் சேர்ந்து கூடும் எங்கள் அன்பியத்திலும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் ஒருவர் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வார். இன்னொருவர் மாலையில் அந்த வீட்டில் போய்ச் செபம் சொல்லுவார். போக்குவரத்துச் செலவை உண்டியலிலிருந்து எடுப்போம். அடுத்த கிளினிக் நாளில் எங்கள் ஒழுங்கையிலுள்ள ஓர் இளைஞனை நான் கூட்டிப்போகிறேன். தனக்குக் கடவுள் நம்பிக்கை எல்லாம் போய்விட்டது, வந்து செபம் கிபம் சொல்ல வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். சரி தம்பி, கொப்பியை எடுத்துக்கொண்டு ஆறரைக்கு ரோட்டடிக்கு வாரும் என்று சொல்லியிருக்கிறேன்.